எலிக்கு வேலை செய்த ஆண் ஹார்மோன் லூபஸ் வந்த பெண்களுக்கு ஏன் மருந்தாகவில்லை?

கேள்வி இதுதான்: "அக்காவுக்கு லூபஸ் இருக்கிறது. ஆண் சுண்டெலியைக் காயடித்தால் அதற்கு லூபஸ் முற்றுகிறது, பெண் எலிக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் நோய் அடங்குகிறது என்று படித்தேன். அப்படியானால் பெண் நோயாளிகளுக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்க்கலாமே? அக்கா கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் நோய் கூடிவிடுமா?"

லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் ஒன்று. நீங்கள் படித்தது உண்மைதான். எலியில் அது நடக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ரக எலியில், ஒரு குறிப்பிட்ட நோயில், குறிப்பிட்ட அளவு ஹார்மோனில் நடக்கிறது. எலி ரகத்தை மாற்றினால் சில சமயம் முடிவு தலைகீழாகிவிடும். ஒரே எலிக்குள்ளேயே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றுவதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். அதனால் "ஈஸ்ட்ரோஜன் கெட்டது, டெஸ்டோஸ்டிரோன் நல்லது" என்ற ஒற்றை வரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் வந்தால் தப்பான இடத்துக்குப் போய்ச் சேருவோம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் அப்படிப்பட்டது.

முதலில் நீங்கள் படித்த அந்த எலி. அதன் பெயர் என்.இசட்.பி. / டபிள்யூ. நியூசிலாந்துக் கறுப்பு என்ற ரகத்தையும் நியூசிலாந்து வெள்ளை என்ற ரகத்தையும் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள். கறுப்பு ரகம் நியூசிலாந்தின் டுனெடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மரியான் பீல்ஷோவ்ஸ்கி வளர்த்தெடுத்தது. இந்தக் கலப்பு எலிக்கு யாரும் ஊசி போட்டு நோய் வரவழைக்க வேண்டியதில்லை. தானாகவே லூபஸ் வருகிறது: தன் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கிக்கொள்கிறது, அந்த ஆன்டிபாடிகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன, கடைசியில் சிறுநீரகம் செயலிழந்து எலி இறந்துபோகிறது. மனித லூபஸில் மிகவும் பயப்படும் சிக்கலும் இதேதான். பெண் எலிகளில் பாதி 8, 9 மாதத்துக்குள் இறந்துவிடும். கூடப் பிறந்த ஆண் எலிகளோ பெரும்பாலும் ஒரு வருடத்தைத் தாண்டி வாழ்கின்றன. அப்பா அம்மா ஒன்று, கூண்டு ஒன்று, தீவனம் ஒன்று, ஆயுளில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

ஆய்வகத்தில் இதைக் கண்காணிப்பது ரொம்ப எளிமையான வேலை. எலியைப் பிடரித் தோலோடு பிடித்துத் தூக்கினால் பயத்தில் பெரும்பாலும் ஒரு சொட்டு சிறுநீர் விடும். அந்தச் சொட்டை, மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுத்தும் அதே சிறுநீர்ப் பட்டையில் தொட்டு எடுப்பார்கள். புரதம் இல்லையென்றால் கட்டம் மஞ்சளாகவே இருக்கும். புரதம் ஒழுக ஆரம்பித்துவிட்டால் பச்சையாகும், நோய் முற்ற முற்ற அடர்பச்சை. வாரா வாரம் இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் பெண் எலிகளின் பட்டைகள் ஐந்தாறு மாத வயதிலிருந்து ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைக் காணலாம், ஆண் எலிகளின் பட்டைகள் அப்போதும் மஞ்சளாகவே இருக்கும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஹார்மோன்தானா என்று நேரடியாகச் சோதித்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் நார்மன் தலால் தலைமையில் வேலை செய்த குழுவினர். ரூபினியன் முதல் ஆசிரியராக 1977, 1978 வாக்கில் வந்த அவர்களுடைய கட்டுரைகளைத்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பருவமடைவதற்கு முன்பே ஆண் குட்டிகளைக் காயடித்தார்கள்; பெண் குட்டிகளின் சினைப்பையை எடுத்தார்கள். பிறகு சிலிகோன் குழாய்த் துண்டுக்குள் ஹார்மோன் தூளை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, முதுகுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். குழாய்ச் சுவர் வழியாக ஹார்மோன் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும், தினமும் ஊசி போட வேண்டாம். காயடித்த ஆண் எலிகள் பெண் எலிகளைப் போலவே சீக்கிரம் நோயுற்று இறந்தன. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தவை இன்னும் மோசமாயின. ஆண் ஹார்மோன் பெற்ற பெண் எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. அடுத்து வந்த ஆய்வில் ஆண் ஹார்மோனைத் தாமதமாகத் தொடங்கினாலும் ஆயுள் நீண்டது, அதுதான் பலருக்கும் நம்பிக்கை கொடுத்தது.

இங்கே ஒரு நுணுக்கம். அவர்கள் பயன்படுத்திய முக்கியமான ஆண் ஹார்மோன் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன். சாதாரண டெஸ்டோஸ்டிரோன் உடம்புக்குள் போனால் அரோமடேஸ் என்ற நொதி அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாகவே மாற்றிவிடும். அப்புறம் கிடைக்கும் விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டைஹைட்ரோ வடிவம் அப்படி மாறாது. "டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தோம்" என்று சொல்லும் எந்த எலி ஆய்வைப் படித்தாலும் எந்த வடிவம், எவ்வளவு அளவு, எந்த வயதில் என்று முதலில் தேடிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, ஹார்மோன் இதை எப்படிச் செய்கிறது? லூபஸில் முக்கியக் குற்றவாளி பி செல், அதாவது ஆன்டிபாடி தயாரிக்கும் செல். நம் எல்லோருடைய உடம்பிலும் சொந்த டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடிய பி செல்கள் தினமும் பிறக்கின்றன. வளரும்போதே உடம்பு அவற்றைக் கண்டுபிடித்து அழித்துவிடுகிறது. பெட்டி டயமண்டின் குழு 2000இல் காட்டியது இதுதான்: எலிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பி செல்லுக்குள் பி.சி.எல்.2 என்ற புரதம் கூடுகிறது. அது செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் புரதம். செத்திருக்க வேண்டிய ஆபத்தான பி செல் தப்பித்து, முதிர்ந்து, டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொட்ட ஆரம்பிக்கிறது. ஆண் பக்கத்தில் வேறொரு வழி. பி செல்கள் உயிரோடிருக்க பாஃப் என்ற ஒரு சமிக்ஞைப் புரதம் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அந்த பாஃபை அடக்கி வைக்கிறது என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. காயடித்த எலியின் மண்ணீரலில் பி செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. இந்த பாஃபைத் தடுக்கும் பெலிமுமாப் என்ற மருந்து இன்று லூபஸ் நோயாளிகளுக்கே கொடுக்கப்படுகிறது. உங்கள் அக்காவின் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவும் கூடும். ஹார்மோனையே கொடுக்காமல், ஹார்மோன் தொடும் இடத்தை மட்டும் தொடுவது என்று இதைச் சொல்லலாம், எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

ஈஸ்ட்ரோஜனுக்குச் செல்லில் இரண்டு முக்கிய ஏற்பிகள் உண்டு, ஆல்ஃபா, பீட்டா. என்.இசட்.பி. / டபிள்யூ. பெண் எலியில் ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவை நீக்கிவிட்டால் நோய் மந்தமாகிறது. ஆக இந்த எலியைப் பொறுத்தவரை கதை தெளிவு. இதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் கேட்ட கேள்வி முழுக்க நியாயமாகவே இருக்கும்.

ஆனால் அடுத்த எலிக்குப் போகலாம். எம்.ஆர்.எல். எல்.பி.ஆர். என்று ஒரு ரகம். இதில் ஃபாஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கிறது. அதனால் சாக வேண்டிய வெள்ளையணுக்கள் சாகாமல் குவிந்து, நிணநீர்க் கட்டிகள் பெரிதாக வீங்கி, லூபஸ் போன்ற நோய் வேகமாக வரும். சிறுநீரக நோயோடு சேர்த்து இரத்தக் குழாய் அழற்சி, உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி எல்லாமே இந்த எலிக்கு உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்ஸ்டன், தார்கோவ்ஸ்கி குழு இந்த எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தது. சிறுநீரகம் மோசமானது. அதே எலியில் இரத்தக் குழாய் அழற்சியும் உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சியும் குறைந்தன! காரணத்தை அவர்கள் இப்படிப் புரிந்துகொண்டார்கள்: சிறுநீரக நோயை நடத்துவது பி செல்லும் அதன் ஆன்டிபாடியும், மற்ற இரண்டையும் நடத்துவது டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. ஈஸ்ட்ரோஜன் முன்னதைத் தூண்டுகிறது, பின்னதை அடக்குகிறது. இந்தத் துறையில் யாராவது ஒரே ஒரு ஆய்வைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் "இந்த ஹார்மோன் ஆட்டோஇம்யூன் நோய்க்கு நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே ஏன் செல்லாது என்பதை இது ஒரே உடம்புக்குள் வைத்துக் காட்டிவிடுகிறது.

அப்புறம் பி.எக்ஸ்.எஸ்.பி. ரகம், அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தில் உருவானது. இதில் ஆண் எலிக்குத்தான் லூபஸ் கடுமை, பெண் எலி பல மாதம் நிம்மதியாக இருக்கும். ஆண் ஹார்மோன் காக்கிறது என்ற கொள்கைக்கு இது நேர் எதிர். ஆண்களைக் காயடித்துப் பார்த்தார்கள். நோயின் போக்கு மாறவே இல்லை. அப்படியென்றால் ஹார்மோன் இல்லை, ஒய் குரோமோசோமிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அந்த "ஏதோ" என்ன என்பது 2006இல்தான் வெளிவந்தது: எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு பிய்ந்து ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டில் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு இருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ஏற்பி அது. சாதாரண ஆண் எலிக்கு ஒரு பிரதி, இந்த ஆண் எலிக்கு இரண்டு. அந்த ஒரு கூடுதல் பிரதியே பி செல்களை வெறிபிடிக்க வைக்கப் போதுமானது.

இது எலிக்கு மட்டுமான வினோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். அதில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் இயங்காதபடி அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால் டி.எல்.ஆர்.7 மரபணு சில செல்களில் அந்த அணைப்பிலிருந்து தப்பிவிடுகிறது என்று 2018இல் காட்டினார்கள். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்டு பிறக்கும் கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அது சரி, ஆனால் அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு என்ற கணக்கைப் பார்த்தால் கூடுதல் எக்ஸையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஹார்மோனையும் குரோமோசோமையும் பிரித்துப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்தர் ஆர்னால்டின் குழு பெரிதும் பயன்படுத்திய எலி ஒன்று உண்டு. விதைப்பையை உருவாக்கச் சொல்லும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவை ஒய்யிலிருந்து எடுத்து வேறொரு குரோமோசோமில் வைத்துவிட்டார்கள். இப்போது நாலு வகை எலி கிடைக்கிறது: இரண்டு எக்ஸோடு சினைப்பை, இரண்டு எக்ஸோடு விதைப்பை, எக்ஸ்-ஒய்யோடு சினைப்பை, எக்ஸ்-ஒய்யோடு விதைப்பை. ஹார்மோன் சுரக்கும் உறுப்பையும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால் மிஞ்சுவது குரோமோசோமின் வேலை மட்டும்தான். 2008இல் வந்த முடிவு: ஹார்மோன் இல்லாத நிலையில் இரண்டு எக்ஸ் உள்ள எலிகளுக்கு மூளை-தண்டுவட அழற்சியும் செயற்கையாக வரவழைத்த லூபஸும் இரண்டுமே கடுமையாக இருந்தன. இதில் அண்மையில் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. பி6 என்ற ஆய்வக எலி ரகத்தைப் பின்னணியாகக் கொண்டு பரவலாக விற்கப்படும் இந்த நாலு வகை எலிகளில், எக்ஸின் 3.2 மெகாபேஸ் (அதாவது 32 லட்சம் டி.என்.ஏ. எழுத்து) நீளத் துண்டு ஒய்யில் ஒட்டியிருப்பதாக 2024இல் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டிலும் டி.எல்.ஆர்.7! பி.எக்ஸ்.எஸ்.பி. எலியில் நடந்தது போலவே. 2008 ஆய்வு நடந்தது எஸ்.ஜே.எல். என்ற வேறு பின்னணியில். ஆனால் பி6 ரகத்தை வைத்து நோய் எதிர்ப்பு பற்றி எழுதப்பட்டவற்றை மறுபடி சரிபார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அதே 2024இல் ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங் குழு இன்னொன்றைக் காட்டியது. ஒரு எக்ஸை அணைத்து வைக்கும் வேலையைச் செய்வது ஸிஸ்ட் என்ற நீளமான ஆர்.என்.ஏ. அதைச் சுற்றி ஏராளமான புரதங்கள் ஒட்டியிருக்கும். செல் செத்துச் சிதறும்போது அந்த மூட்டை வெளியே வருகிறது, நோய் எதிர்ப்பு அமைப்பு அதையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஸிஸ்ட் ஆண் உடம்பில் சாதாரணமாக இருக்காது. எஸ்.ஜே.எல். ஆண் எலிகளில் அதை இயங்க வைத்து லூபஸைத் தூண்டியபோது பெண் எலிகள் அளவுக்கு நோய் வந்தது. நோய்க்கு எதிர்ப்புள்ள பி6 ரகத்திலோ வரவில்லை, அங்கே ஸிஸ்ட் மட்டும் போதவில்லை. இங்கே பேசப்படுவது பெண் ஹார்மோன் இல்லை, விதைப்பையோடு இருக்கும் ஆண் எலி!

இனி சர்க்கரை நோய் எலி. என்.ஓ.டி. ரகம், ஜப்பானில் ஷியோனோகி நிறுவன ஆய்வகத்தில் உருவாகி 1980இல் அறிவிக்கப்பட்டது. இதற்கு முதல் வகை நீரிழிவு தானாக வரும். பெண் எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு வரும், ஆண்களில் மிகக் குறைவு. காயடித்தால் ஆண்களிலும் கூடும். மனிதர்களில் முதல் வகை நீரிழிவுக்கு இப்படிப் பெண் பக்கச் சாய்வு கிடையாது என்பதையும் கவனியுங்கள், எலி மனிதனின் சிறிய பதிப்பு இல்லை. ஆனால் இந்த எலி கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த என்.ஓ.டி. எலிகளில் ஆண் பெண் வித்தியாசம் மறைந்துபோகிறது. ஆண் ஹார்மோன் மட்டுமே காவல் என்றால் இப்படி ஆகக் கூடாது இல்லையா? 2013இல் டொரண்டோவின் ஜெய்ன் டான்ஸ்கா குழு வயது வந்த ஆண் எலியின் குடல் நுண்ணுயிர்களை, பால்குடி மறந்த பெண் குட்டிகளின் வயிற்றுக்குள் செலுத்தியது. அந்தப் பெண் எலிகளின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடியது, கணைய அழற்சி குறைந்தது, நீரிழிவும் குறைந்தது. ஆண் ஹார்மோன் ஏற்பியைத் தடுக்கும் ஃப்ளூட்டமைடு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆக ஹார்மோன் குடல் கிருமிகளை மாற்றுகிறது, குடல் கிருமிகள் ஹார்மோனை மாற்றுகின்றன, இரண்டும் சேர்ந்து நோயைத் தீர்மானிக்கின்றன. ஒரு ஆய்வகத்தில் கிடைத்த முடிவு இன்னொரு ஆய்வகத்தில் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்: தீவனம், கூண்டு, நீர் எல்லாமே வேறு. தீவனத்தில் சோயா இருந்தால் அதிலேயே ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் பொருட்கள் இருக்கின்றன.

நோய் எதிர்ப்பு அமைப்பு மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோய்க்கு ஒப்பான எலி நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எலியிலிருந்து மனிதனுக்கு ஓரளவு நேராக வந்த ஹார்மோன் யோசனை அதுதான். நரம்பின் மேலுறைப் புரதத் துண்டை, கொன்ற காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயில் குழைத்து எலிக்கு ஊசி போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் வாலின் நுனி தொங்கும். வாலைத் தூக்கிவிட்டால் விறைத்து நிற்காது, நூல் போல விழும். அது மதிப்பெண் ஒன்று. பின்னங்கால் தடுமாறினால் இரண்டு, முழுதும் செயலிழந்து இழுத்துக்கொண்டு போனால் மூன்று. எஸ்.ஜே.எல். ரகத்தில் பெண் எலிகளுக்கு நோய் அதிகம், ஆண் ஹார்மோன் கொடுத்தால் குறைகிறது. பி6 ரகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆண் ஹார்மோன் காக்கும் வழிகளில் ஒன்று தைமஸ் சுரப்பியில் இருக்கிறது. டி செல்களுக்கு "இது நம் உடம்பு, தொடாதே" என்று கற்றுக்கொடுக்கும் ஏர் என்ற மரபணுவை ஆண் ஹார்மோன் கூட்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது என்று 2016இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

இதுவரை படித்தால் ஈஸ்ட்ரோஜன் இங்கேயும் வில்லன் என்று தோன்றும். ஆனால் இதே எலிக்குக் கர்ப்பகால அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் நோய் தணிகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் ரோண்டா வோஸ்குல் கர்ப்பகாலத்தில் மட்டும் அதிகமாகச் சுரக்கும் எஸ்ட்ரியால் என்ற மென்மையான ஈஸ்ட்ரோஜனை எலிக்குக் கொடுத்து இதை 1999இல் காட்டினார். மனிதரில் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு அது அப்படியே பொருந்தியது. 1998இல் ஐரோப்பாவில் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் உள்ள 254 பெண்களைக் கர்ப்பகாலம் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வில், கர்ப்பத்துக்கு முன் வருடத்துக்குச் சராசரி 0.7 ஆக இருந்த நோய்த் தாக்கம் கடைசி மூன்று மாதத்தில் 0.2 ஆக இறங்கியது. பிரசவம் முடிந்த முதல் மூன்று மாதத்தில் 1.2க்குத் தாவியது. பிறகு 164 பெண்களுக்கு வழக்கமான மருந்தோடு எஸ்ட்ரியால் அல்லது வெற்று மாத்திரை கொடுத்த ஆய்வு 2016இல் வந்தது. நோய்த் தாக்கம் வருடத்துக்கு 0.37க்குப் பதில் 0.25. நம்பிக்கை தரும் எண், ஆனால் அது இரண்டாம் கட்ட ஆய்வு, அதை வைத்து யாரும் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

மூட்டுவாதத்திலும் ஏறக்குறைய இதே திசை. கொலாஜன் ஊசியால் வரவழைக்கும் எலி மூட்டுவாதத்தை ஈஸ்ட்ரோஜன் தணிக்கிறது, குட்டி போட்ட பிறகு திடீரென்று கூடுவதையும் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மூட்டுவலி விட்டுப்போவதை அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் 1938இலேயே எழுதிவைத்தார். அந்தத் தேடலின் வழியில்தான் கார்ட்டிசோன் மருந்தானது, 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. லூபஸில் நிலைமை அப்படி இல்லை. கர்ப்பகாலத்தில் அது அடங்கும் என்று நம்பி இருக்க முடியாது, கூடவும் செய்யும். ஆன்டிபாடி நடத்தும் நோய்க்கும் டி செல் நடத்தும் நோய்க்கும் உள்ள அந்த ஸ்வீடன் எலியின் வித்தியாசம் மனிதரிலும் கோடு போட்டது போல இல்லாவிட்டாலும் ஓரளவு தெரிகிறது.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. பெண்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். மிதமான லூபஸ் உள்ள பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒட்டுப்பட்டை கொடுத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நோயின் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. டி.எச்.ஈ.ஏ. என்ற மென்மையான ஆண் ஹார்மோனைத் தினம் 200 மில்லிகிராம் கொடுத்த ஆய்வுகள் பெரியவை. கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் முகப்பருவும் முகத்தில் முடி வளர்வதும் நல்ல கொழுப்பு குறைவதும் கூடவே வந்தன, அமெரிக்காவில் அது லூபஸ் மருந்தாக அனுமதி பெறவில்லை. டி.எச்.ஈ.ஏ. எலியில் நன்றாக வேலை செய்ததற்கும் மனிதரில் சுமாராகச் செய்ததற்கும் ஒரு எளிய காரணம் இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்: மனிதரின் அட்ரினல் சுரப்பி அதை ஏராளமாகச் சுரக்கிறது, எலியின் அட்ரினல் சுரப்பதே இல்லை. இல்லாத உடம்பில் ஒன்றைப் புதிதாகக் கொடுப்பதும், ஏற்கெனவே நிறைய இருக்கும் உடம்பில் கொஞ்சம் சேர்ப்பதும் ஒன்றாகுமா?

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அந்த எலிகளுக்குக் கொடுத்தது குட்டிப் பருவத்திலிருந்தோ இளம் வயதிலிருந்தோ மாதக்கணக்கில், ஆண் உடம்பின் அளவுக்கோ அதற்கு மேலோ. ஒரு பெண்ணுக்கு அந்த அளவில் கொடுத்தால் குரல் தடிக்கும், மாதவிடாய் நிற்கும், குழந்தைப் பேறு பாதிக்கும். குரல் மாற்றம் பிறகு மருந்தை நிறுத்தினாலும் முழுதாகத் திரும்பாது. பக்கவிளைவு தெரியாத அளவுக்குக் குறைத்தால் பலனும் தெரியவில்லை. நோய் ஏற்கெனவே பல வருடமாக இருக்கும் ஒருவரின் நோய் எதிர்ப்பு நினைவு செல்கள் குட்டி எலியின் செல்கள் போல வளைந்துகொடுக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

அக்காவின் மாத்திரை விஷயம். எலியை மட்டும் வைத்துப் பார்த்த காலத்தில் பல மருத்துவர்கள் லூபஸ் உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு மறுத்தார்கள். 2005இல் வந்த செலீனா ஆய்வு அதை மாற்றியது. நோய் அடங்கியோ நிலையாகவோ இருந்த 183 பெண்கள், பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு வருடத்தில் கடுமையான நோய்த் தாக்கம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்று கொடுத்த இணை ஆய்வில் லேசான தாக்கங்கள் மட்டும் கொஞ்சம் கூடின. ஆனால் இந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பது மிக முக்கியம்: நோய் தீவிரமாக இருந்தவர்களையும், இரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாடிகள் உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. அவற்றை ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் ஆன்டிபாடி என்பார்கள். அவை இருப்பவர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தக் கட்டு வரும் ஆபத்து உண்மையிலேயே பெரிது.

ஆகவே அக்கா மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் என்ற மூன்றும் அதில் அடக்கமா? சிறுநீரில் புரதம் இப்போது எவ்வளவு? இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? இதில் ஏதாவது சரியில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள், புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள மாத்திரை அல்லது கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, இருக்கின்றன. அவற்றில் எது பொருந்தும் என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார். கருத்தடையே வேண்டாம் என்று விட்டுவிடுவது மட்டும் கூடாது. லூபஸுக்குக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்ஸேட் மருந்துகள் கருவைக் கெடுக்கக்கூடியவை. நோய் முற்றியிருக்கும்போது திட்டமிடாமல் கர்ப்பமானால் தாய்க்கும் ஆபத்து. மாத்திரை சரியா என்று கேட்டுவிட்டு வாருங்கள், பதில் வரும்வரை வேறு பாதுகாப்பு இல்லாமல் இருக்க வேண்டாம்.